முரசுமோட்டை மாட்டின் சிறுநீரகம்

எனக்கு வாய் நீளம் என்று கிளிநொச்சியில் வேலை செய்த காலத்தில் எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னாலும் சொல்வார்கள். நான் அதை மறுத்ததில்லை. கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன மிருக வைத்திய ஆய்வுகூடத்தில் நான் ஒருத்திதான் தொழில்நுட்ப உதவியாளர். எனக்கு மேலே ஒரு மாட்டு டாக்குத்தர், கீழே ஒரு சிற்றூழியர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நுணுக்குக்காட்டி, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பிரிஜ், நினைத்த நேரத்தில் வந்து நினைத்த நேரத்தில் போகும் கரண்ட். இந்த நிலையில் வாயையும் சுருக்கிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு வேலையும் நடந்திருக்காது என்றுதான் அப்போது நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். அதற்கு முதல் வருடம் என்னைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் நொதியங்களுக்கு, அதாவது என்சைம்களுக்கு, சாயம் ஏற்றப் பழகினேன். திரும்பி வந்த நாளிலிருந்து அதை எப்போது செய்யலாம், எதில் செய்யலாம் என்று கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. டாக்குத்தருக்கு இதெல்லாம் வேலையற்ற வேலை. "கோழிக் கழிச்சலுக்கு மருந்து கேட்டு வாற சனத்துக்கு உந்தச் சாயம் என்னத்துக்குப் பிள்ளை?" என்பார். சந்தையில் ஒரு ஆட்டின் சிறுநீரகம் வாங்கி வந்து, பேராதனையிலிருந்து கொண்டுவந்த போத்தல் தண்ணீரிலேயே செய்து பார்த்தேன். அழகாக வந்தது. டாக்குத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அந்தச் சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாதாரணச் சாயம் உடற்கலத்தின் உருவத்தைக் காட்டும். இது கலம் செய்துகொண்டிருந்த வேலையைக் காட்டும். சிறுநீரகத்துக்குள் மிக நுண்ணிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குழாயின் உள் ஓரத்தில் ஒரு நொதியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு உப்பைக் கரைத்துக் கொடுத்தால் அதைத் துண்டாக்கும். துண்டானதைக் கரைசலில் உள்ள சுண்ணாம்பு அந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பிறகு கோபால்ட் கரைசல், அதற்குப் பிறகு கூழ்முட்டை நாற்றம் அடிக்கிற ஒரு மஞ்சள் திரவம். அதில் முக்கியதும் நொதியம் வேலை செய்த இடம் மட்டும் கறுப்பாகும். குழாய்க்குள் மை தீட்டினதுபோல ஒரு மெல்லிய கோடு ஓடும். மற்ற இடமெல்லாம் வெளுத்தே இருக்கும்.

சில நஞ்சுகள் முதலில் தின்பது இந்த ஓரத்தைத்தான். விதைநெல்லுக்குப் பூசுகிற பாதரச மருந்தும் அப்படியானது. நஞ்சு பட்ட சிறுநீரகத்தில் அந்தக் கோடு வராது. ஆகவே கறுப்பு வந்தால் நல்லது, வராவிட்டால்தான் கெட்டது. இதை வாசிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இரண்டாவது சிலைட் ஒன்று வைப்போம். அதற்கு எல்லாம் கொடுப்போம், அந்த உப்பை மட்டும் கொடுக்க மாட்டோம். சாப்பாடு கொடுக்காத நொதியம் வேலை செய்யாது, ஆகவே அது கறுக்கக் கூடாது. அதை நான் வெறும் சிலைட் என்பேன். வெறும் சிலைட் கறுத்தால் எங்கேயோ பிழை. அன்றைய வேலை முழுவதையும் குப்பையில் போட வேண்டியதுதான்.

இனி மாட்டுக்கு வருகிறேன். முரசுமோட்டையில் ஒரு பெரியவரின் பால் மாடு ஞாயிற்றுக்கிழமை காலை வாய்க்கால் கரையில் செத்துக் கிடந்தது. பெரியவர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காணி பெற்றவர். நல்ல கமக்காரன், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், யாரும் அவரை எதிர்த்துக் கதைப்பதில்லை. அவருடைய காணி விளிம்பில் மலையகத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குடிசை போட்டிருந்தது. எழுபத்தேழு இனக் கலவரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். கணவன் பெரியவரின் வயலில் வேலை செய்தார், மாட்டையும் அவர்தான் பார்த்தார். பற்றைக் காட்டை வெட்டி, கையாலேயே ஒரு கிணறும் வெட்டி, குடிசையைச் சுற்றி மரவள்ளியும் கத்தரியும் வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் கண்ட பிறகு பெரியவருக்கு அந்த மூலை தன்னுடையது என்ற ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை சரியில்லை.

மாடு செத்ததும் பெரியவர் சொன்னது ஒன்றுதான். விதைநெல்லுக்கு மருந்து பூசியது அவன், மிஞ்சின நெல்லை மாட்டுக்கு வைத்ததும் அவன். ஊர் வழக்குகளைத் தீர்க்கிற கிராம அதிகாரி விதானையார், சனிக்கிழமை விசாரிப்பதாகவும், நஞ்சுதான் என்றால் குடும்பம் காணியை விட்டு எழும்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

டாக்குத்தர் போய் மாட்டை வெட்டிப் பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றும் பிடிபடவில்லை. இரைப்பையில் இருந்ததைப் போத்தலில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வர மாதக்கணக்காகும். "உம்மடை சாயத்தைச் செய்து பாருமன், இப்ப அதுக்கு ஒரு வேலை வந்திருக்கு" என்று சிறுநீரகத் துண்டுகளைக் கெடாமலிருக்கக் குளிர்ந்த அசற்றோனில் போட்டு என்னிடம் தந்தார். மறுநாள் விடிய லீவில் யாழ்ப்பாணம் போய்விட்டார். எனக்குச் சந்தோஷம். செத்த மாட்டை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் குடிசைக்காரரான அந்த மனிதர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். முரசுமோட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசல் படிக்குக் கீழே நின்றுகொண்டே கதைத்தார்.

"மருந்து போட்ட வெதநெல்லு மிஞ்சினத நான் சாக்கோட பொதைச்சுட்டேங்க, மிஸ். பொதைச்ச எடத்தக்கூட காட்டுறேன். யாரும் வந்து பாக்க மாட்டேங்கிறாங்க."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. சிறுநீரகத்தைப் பாத்தால் தெரியும்" என்றேன்.

"நிச்சயமா தெரிஞ்சிருங்களா?"

"நிச்சயமாய்த் தெரியும். சனிக்கிழமைக்கு முதல் நான் சொல்லுவன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நிச்சயமாய் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆட்டுச் சிறுநீரகத்தில் ஒருமுறை நன்றாக வந்துவிட்டது என்ற திமிர்.

செவ்வாய்க்கிழமை முதல் முறை செய்தேன். மாட்டின் துண்டு ஒன்று, ஒப்பிடுவதற்குச் சந்தை ஆட்டின் துண்டு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெறும் சிலைட். கரைசலைக் கலக்கும்போதே கஞ்சித் தண்ணீர் மாதிரி லேசாகக் கலங்கியது. கரண்ட் போய் வந்ததில் வெப்பம் கூடிக் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் மஞ்சள் திரவத்தில் முக்கியதும் நான்கு சிலைட்டும் கறுத்தன. கோடாக அல்ல. தார் ஊற்றினதுபோல ஒரே கறுப்பு. வெறும் சிலைட்டும் கறுப்பு. ஆடும் கறுப்பு, மாடும் கறுப்பு.

புதன்கிழமை திரும்பச் செய்தேன். பாத்திரங்களையெல்லாம் நானே கழுவினேன். சிற்றூழியரைத் தொட விடவில்லை. அவர் ஐம்பது வயதை நெருங்கியவர், பக்கத்து ஊர்க்காரர், அமைதியான மனிதர். மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஏதும் உதவி செய்யட்டே?"

"நீங்கள் ஒண்டையும் தொடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி."

அவர் வெளியே போய்ப் படியில் இருந்துவிட்டார். அன்றைக்கும் எல்லாம் கறுப்பு. உப்பு பழுதாகிவிட்டதோ என்று பார்த்தேன். உப்பு பழுதானால் கறுப்பு வராமல் போக வேண்டுமே தவிரக் கூடுதலாக வராது. அந்த உப்பு பேராதனையில் கெஞ்சி வாங்கி வந்தது, ஆட்டுக்கு எடுத்தது போக ஒரு சின்னக் குப்பியில் நான்கு முறைக்குத்தான் மிஞ்சியிருந்தது. இரண்டு முறை போய்விட்டது. மஞ்சள் திரவத்தின் நாற்றம் என் தலைமயிரிலும் சேலையிலும் ஏறியிருந்தது. நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, "பிள்ளை, கிணத்தடியிலை குளிச்சிட்டு உள்ளுக்கு வாங்கோ" என்று வாசலிலேயே மறித்துவிட்டார்.

அன்று பின்னேரம், இரண்டாம் முறையும் பிழையாகிப்போய் நான் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெரியவர் வந்தார். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"என்ன பிள்ளை, உம்மடை சோதினை முடிஞ்சுதே?"

"முடியேல்லை ஐயா."

"டாக்குத்தர் உம்மைக் கெட்டிக்காரி எண்டெல்லோ சொன்னவர். மூண்டு நாளாச்சு."

அந்தச் சொல் போதும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கெட்டிக்காரியோ மொக்கியோ, நீங்களே பாருங்கோவன். இஞ்ச, கண்ணை வையுங்கோ" என்று மாட்டின் சிலைட்டை நுணுக்குக்காட்டியில் வைத்து அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுவந்து விட்டேன். எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஐயோ, கரியாய்ப் போய்க் கிடக்கு!"

"அது சோதினை பிழைச்சது. உதுக்கு ஒரு கருத்தும் இல்லை. சனிக்கிழமை சொல்லுறன், இப்ப போட்டு வாங்கோ" என்று கதவைக் காட்டினேன். பக்கத்திலேயே வெறும் சிலைட் கிடந்தது. அதையும் காட்டி, இதுவும் கறுப்பு, ஆட்டினதும் கறுப்பு, ஆகவே இந்தக் கறுப்புக்கு மதிப்பில்லை என்று ஐந்து நிமிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரை வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது எனக்கு.

வியாழக்கிழமை மூன்றாம் முறை. கரைசல் வைக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். கறுப்பு. நான் மேசையில் குத்தியதில் ஒரு கண்ணாடிக் குவளை விழுந்து உடைந்தது. உடைந்ததைப் பொறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டு, அந்த நாற்றத் திரவம் காயத்தில் பட்டு, எரிவில் கண்ணால் தண்ணீர் வந்தது. சிற்றூழியர் பஞ்சு கொண்டுவந்து நீட்டினார். அதற்கும் அவரை ஏசினேன். ஏன் ஏசினேன் என்று இப்போது யோசித்தால், அங்கே ஏசுவதற்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுகூடத்தைத் திறந்ததும் மேசையைப் பார்த்தேன். கறுத்தப் பூச்சு அடித்த மேசை அது. முதல்நாள் கழுவும் போத்தலிலிருந்து சிந்திய துளிகள் காய்ந்து, ஒவ்வொரு துளி விழுந்த இடத்திலும் ஒரு வெள்ளை வளையம். நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆவியைப் பிடித்துக் குளிர வைக்கிற வடிகலத்திலிருந்து எடுத்த சுத்தத் தண்ணீர் காய்ந்தால் ஒரு அடையாளமும் இராது. வெள்ளை படிகிற தண்ணீர் கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீர். வீட்டுக் கேத்திலுக்குள் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறோமே, அதே சுண்ணாம்பு. என் கரைசலில் அது சேர்ந்து படிந்து, சிலைட் முழுவதும் ஒட்டி, கோபால்ட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கறுப்பாக்கியிருக்கிறது. கரைசல் கலங்கியதும் அதனால்தான். நான்கு நாளாகக் கண் முன்னே இருந்திருக்கிறது.

"இந்தப் போத்திலுக்க என்ன தண்ணி?" என்று கேட்டேன்.

சிற்றூழியர் கூட்டுவதை நிறுத்தினார். தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார்.

"மிஸ், தண்ணி வடிக்கிற மிசினிலை சூடாக்கிற கம்பி எரிஞ்சு போச்சு. ரண்டு கிழமையாச்சு."

"ரண்டு கிழமையோ? ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏசுவியள் எண்டு பயந்திட்டன். ஆனால் நான் சும்மா தண்ணி விடேல்லை மிஸ். மூண்டு தரம் கொதிக்க வச்சனான். புது வேட்டித் துண்டாலை வடிச்சனான். கைப்பிள்ளையளுக்குக் குடுக்கிறதுக்கு ஆசுப்பத்திரியிலை சொல்லுற மாதிரித்தான். அதைவிடச் சுத்தம்."

அவர் பொய் சொல்லவில்லை. கைப்பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் நல்லதுதான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சுண்ணாம்பு சாகாது. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். வந்த நாளிலிருந்து நான் அவரோடு கதைத்ததெல்லாம் ஏச்சும் கட்டளையும்.

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். நேரம் இல்லை. ஒருமுறைக்கு மட்டும் உப்பு இருக்கிறது, சுத்தத் தண்ணீர் இல்லை. மோட்டார்க் கடையில் பற்றறிக்கு விடுகிற வடித்த தண்ணி வாங்கலாமா என்று யோசித்தேன். அந்தப் போத்தலை எந்தக் கிணற்றில் நிரப்பினார்களோ என்ற சந்தேகம் வந்தது. மழைக்கும் ஒரு அறிகுறியும் இல்லை.

சிற்றூழியர்தான் மெதுவாகக் கேட்டார். "மிஸ், பிரிஜ்ஜுக்க பனி பிடிச்சுக் கிடக்கு. கிழமைக்கு ஒருக்கா நான் சுரண்டி எறியிறனான். அது கேத்தில் தண்ணி மாதிரி வெள்ளை படியிறதில்லை. அதை எடுத்தால் என்ன?"

அவரை நிமிர்ந்து பார்த்தேன். காற்றிலிருந்து உறைந்த பனி. அதில் சுண்ணாம்பு எப்படி வரும்? பழகிய எனக்கு வராத யோசனை அவருக்கு வந்திருக்கிறது. இருவருமாக மரக் கரண்டியால் பனியைச் சுரண்டிச் சுத்தமான கண்ணாடிச் சாடிகளில் உருக வைத்தோம். ஒரு துளியை மேசையில் விட்டு, காயும்வரை அதன் முன்னாலேயே நின்றோம். காய்ந்தது. ஒன்றும் படியவில்லை. "படியேல்லை மிஸ்" என்று அவர் சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரம் நான்காம் முறை. கரைசல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. மஞ்சள் திரவத்திலிருந்து எடுத்தபோது வெறும் சிலைட்டுகள் இரண்டும் வெள்ளை. ஆட்டின் துண்டில் குழாய்தோறும் உள் ஓரத்தில் கறுத்தக் கோடு. மாட்டின் துண்டிலும் அதே கோடு, ஒரு குழாய் தவறாமல். அந்தச் சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை. பாதரச மருந்து அந்த மாட்டைக் கொல்லவில்லை. நான் கதிரையில் இருந்து அழுதேன். சந்தோஷமா, களைப்பா, அந்த நாற்றமா என்று தெரியவில்லை.

நுணுக்குக்காட்டியை வெளியே கொண்டுபோக டாக்குத்தரின் கையெழுத்து வேண்டும். டாக்குத்தர் யாழ்ப்பாணத்தில். நான் யாரையும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை அதை மரப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு முரசுமோட்டை பஸ் ஏறினேன். சிலைட்டுகளைக் கைலேஞ்சியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கண்ணாடியால் வெயிலை வாங்கிப் பார்க்கிற பழைய வகை நுணுக்குக்காட்டி அது, கரண்ட் தேவையில்லை. அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நம்பினேன்.

பள்ளிக்கூடத்தின் ஓலைக் கொட்டிலில் விசாரணை. விதானையார் மேசையில், பெரியவர் பக்கத்தில், இருபது முப்பது பேர் வாங்குகளில். அந்த மனிதர் வெளியே வேப்பமரத்தடியில் மனைவியோடு நின்றார். நான் மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்து, வெயில் விழத் திருப்பி, மாட்டின் சிலைட்டை வைத்தேன்.

விதானையார் முதலில் பார்த்தார். "கறுப்பாய்க் கிடக்குப் பிள்ளை."

"ஓம். அந்தக் கறுப்புத்தான் நல்லது. அது இருந்தால் சிறுநீரகம் சுகமாயிருந்தது எண்டு கருத்து."

பெரியவர் எழும்பினார். "புதன்கிழமையும் எனக்குக் கறுப்புத்தான் காட்டினவா. இண்டைக்கும் கறுப்பு. அண்டைக்குக் கதவைக் காட்டி என்னைத் துரத்திப்போட்டு, இண்டைக்கு வந்து கறுப்பு நல்லதாம்."

"அண்டைக்கு முழுக்கக் கறுப்பு. அது தண்ணியாலை வந்த பிழை. இண்டைக்கு ஓரத்திலை மட்டும். வடிவாய்ப் பாருங்கோ."

"என்ரை கண்ணாலை பாத்தனான். கரிக்கட்டி."

"அப்ப நஞ்சு பட்டால் என்ன நிறம் வரும் பிள்ளை?" என்று விதானையார் கேட்டார். நியாயமான கேள்வி.

"ஒரு நிறமும் வராது. வெளுத்துக் கிடக்கும்."

கொட்டில் முழுவதும் சிரிப்பு. "நஞ்சு திண்டால் வெள்ளையாம், திண்ணாட்டில் கறுப்பாம்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் வெறும் சிலைட்டை எடுத்துக் காட்டினேன். அது வெள்ளையாக இருந்தது. "அப்ப உதுதான் நஞ்சு பட்டதோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, அது உப்புக் கொடுக்காதது என்றேன். நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பித்தலாட்டக்காரியின் கதைபோலக் கேட்டது. ஒவ்வொருவராக வந்து கண்ணை வைத்துவிட்டு, கறுப்பு, கறுப்பு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நான் கத்தினேன். படித்தவள் சொல்கிறேன், ஏன் விளங்காதமாதிரி நிற்கிறீர்கள், உங்களுக்குக் காணிதானே வேண்டும், மாட்டைப் பற்றி ஆருக்கு அக்கறை என்றெல்லாம் கத்தினேன். சொன்னது அவ்வளவும் உண்மை. ஆனால் கத்தினதோடு என் பக்கம் கொஞ்சம் யோசித்துக்கொண்டிருந்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விதானையார் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். மாட்டுக்கு என்ன நடந்தது என்று இனித் திட்டமாய்ச் சொல்ல ஏலாது, ஆனால் ஊரில் சண்டை கூடாது, அந்தக் குடும்பம் வேறு இடம் பார்ப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்றார். ஒரு மாதத் தவணை. பெரியவர் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

சனம் கலைந்தது. நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்த மனிதர் கொட்டிலுக்குள் வந்தார். "நானும் ஒருக்கா பாக்கலாங்களா, மிஸ்?" என்று கேட்டார். இவ்வளவு பேர் பார்த்தார்கள், அவரைப் பார்க்கக் கூப்பிடவில்லை. நானும்தான் கூப்பிடவில்லை.

அவர் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். வெயிலுக்கு நான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்தார்.

"வட்டம் வட்டமா இருக்குதுங்க. உள்ளார ஓரத்துல மட்டும் கறுப்பு."

"அதுதான். அதைத்தான் நாலு நாளாய்த் தேடினனான்" என்றேன். "நான் புதன்கிழமை அவருக்குக் காட்டியிருக்கக் கூடாது. என்னிலைதான் பிழை."

"கறுப்பா வந்தாலும் வெள்ளையா வந்தாலும் எங்கள எழுப்பித்தான் இருப்பாங்க, மிஸ்." கோபமில்லாமல் சொன்னார். கண்ணை இன்னும் எடுக்கவில்லை. "அப்ப மாடு எதனாலங்க செத்திச்சு?"

நான் வெறும் சிலைட்டுகளைக் கைலேஞ்சியில் சுற்றத் தொடங்கினேன்.

"கன்னுக்குட்டியிலேருந்து நான் வளத்த மாடுங்க. அன்னைக்கு ராத்திரிகூட நல்லா தின்னுச்சு. யாருமே அதக் கேக்கலையே."

ஒரு கிழமையாக நான் அந்த மாட்டின் சிறுநீரகத்தோடு இருந்தேன். அது நஞ்சா இல்லையா, என் சாயம் வருமா வராதா, இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றையும் நான் யோசிக்கவில்லை. ஈரலையும் நெஞ்சையும் ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை. கொழும்புக்கு அனுப்பிய போத்தலுக்குப் பதில் வரவேயில்லை. மாத முடிவில் அந்தக் குடும்பம் ஒரு ட்ராக்டரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புளியங்குளம் பக்கம் போய்விட்டதாகச் சிற்றூழியர் வந்து சொன்னார். கிணற்றைப் பெரியவர் கட்டுக் கட்டி எடுத்துக்கொண்டார்.

அந்த மாடு எதனால் செத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாது என்று அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்கலாம். ஊரையே கூட்டிக் கத்தின எனக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அன்று அவரே நுணுக்குக்காட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் தரிப்பு வரைக்கும் வந்தார்.